வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு



பழைய காரை வீட்டிலேயே பிரித்துக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் நம்ம சென்னையில் தயாரானது. சேசிஸ் தனி, பாடி தனி. பானெட்டும் முன் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்துவிடும். இன்ஜின் முழுசாகக் கைக்கு எட்டும்.

முதல் வேலை பெயிண்ட் இல்லைங்க, துரு. சேசிஸை நன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கழற்றுகிற போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வையுங்கள், பனியன் கம்பெனியில் வெட்டின துணிக்கட்டுக்குச் சீட்டு வைக்கிற மாதிரி.

பிறகு, "டீசல் இன்ஜின் வெச்சுரலாங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான். தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

மாணவத் தம்பிகளுக்கு ஒன்று. ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றார். கோவை அவினாசி ரோட்டில், 2015-இல் திறந்த ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வாருங்கள். அப்புறம் வீட்டில் கிடக்கிற பழைய மொபெட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.