மணலுக்குள் இருந்த சிவப்பு



நெசவாளரோடும் சாயக்காரரோடும் தம் வாழ்நாளைக் கழித்த தந்தையாரின் ஞாபகமாக ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டுமென்று விரும்பி ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்கள், இவ்வாண்டு அப்பணியை எளியேனிடம் ஒப்படைத்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் நெடுநேரம் ஆலோசிக்கவில்லை. கடற்கரை மணலில் மிதிபட்டுக் கிடக்கும் ஒரு சிறு பூண்டினைப் பற்றி ஒரு நாள் ஓர் அவையில் பேசவேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்றித் தந்தவர்களுக்கு என் வந்தனம்.

சித்த வைத்தியர் அப்பூண்டினை இம்பூறல் என்பர்; இரத்த வாந்திக்கு அதை மருந்தாகக் கொள்வர். சாயக்காரர் வாக்கில் அது சாயவேர். ஒடுங்கிய சிற்றிலைகளும் மிகச் சிறிய வெண்பூக்களுமாக, சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் அதைக் கண்டு வழிப்போக்கர் எவரும் நின்றுவிட மாட்டார். ஆனால் மணலைக் கிளறி அதன் வேரை முறியாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் செடிக்கும் கீழே இறங்கியிருக்கும் வேருக்கும் சம்பந்தமே இல்லையோ என்று தோன்றும்படி, நூல்போல் மெலிந்து நீண்டு இறங்கியிருக்கும் அவ்வேரின் தோலை நகத்தால் சுரண்டினால், நகக்கண்ணில் ஏறும் செம்மஞ்சள் கறை அன்றைக்குக் கைகழுவிப் போவதில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இவ்வேரைத் தோண்டும் உரிமையை அரசாங்கமே தன் கையில் வைத்துக்கொண்டது என்பதிலிருந்து, அந்தக் கறையின் விலைமதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வேரைக் காய்ச்சிய நீரில் துணியை நனைத்தால் சிவப்பு வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணி, புது மல்துணி ஒன்றை அந்நீரில் அரைநாள் ஊறவைத்தேன். வெளியே எடுத்தபோது அழகாயிருந்த அத்துணி, இரண்டாவது அலசலில் அழுக்குப் படிந்த பழந்துணி போலாகிவிட்டது. பருத்தி பெரும்பாலான தாவர வர்ணங்களைத் தானாக ஏற்றுக்கொள்வதில்லை. இடையில் நின்று இரண்டையும் பிணைத்துவைக்க ஒரு பொருள் வேண்டும். இக்காலத்து இரசாயன நூல்கள் அதனை நிறமூன்றி என்று வழங்குகின்றன. நம் சாயக்காரருக்கு அது படிகாரம், அதற்கு முன்னோடியாகக் கடுக்காய். கடுக்காயின் துவர்ப்பு முதலில் நூலில் ஏறி நிற்கும். அத்துவர்ப்பைப் படிகாரம் பற்றிக்கொள்ளும். படிகாரத்தைச் சாயவேரின் சாறு பற்றிக்கொள்ளும். இவ்வாறு ஒன்றன் கையை ஒன்று பிடித்து நிற்கும் இந்தச் சங்கிலி, மனித குலம் கண்டுபிடித்த நுட்பமான காரியங்களுள் ஒன்றென்பது என் அபிப்பிராயம்.

இதனினும் வியப்பானது, கோலம் எழுதிய துணியில் அது செயற்படும் விதம். கடுக்காயையும் எருமைப்பாலையும் சேர்த்து ஊறவைத்த துணியை உலர்த்தி, சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரையும், கறுப்பு வேண்டிய இடங்களில் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த ஊறலையும் மூங்கில் எழுதுகோலால் தீட்டுவர். பாலிலுள்ள கொழுப்பு, தீட்டிய நீர் கோட்டைத் தாண்டிப் பரவாதபடி காக்கும். இரும்பு ஊறல் கடுக்காயைத் தொட்ட கணமே கறுக்கத் தொடங்கும்; படிகாரக் கோடோ கண்ணுக்குத் தெரிவதேயில்லை. தாம் எழுதுவது இன்னதென்று தமக்கே தோன்றாத கோடுகளை மணிக்கணக்காக எழுதிய அந்தக் கைகளை எண்ணிப் பாருங்கள். பின்னர் துணி முழுவதையும் சாயவேர் நீரிலிட்டுக் காய்ச்சுவர். துணி முழுவதும் சிவந்து போகும். அதன்பின் சாண நீரில் ஊறவைப்பதும், வெயிலில் விரித்துக் காயக்காய நீர் தெளிப்பதுமாகச் சில நாட்கள் கழிய, படிகாரம் தொடாத இடங்களிலுள்ள சிவப்பு முழுதும் கழன்று வெண்மை மீள, எழுதிய கொடியும் பூவும் மாத்திரம் செக்கச்செவேலென்று எஞ்சி நிற்கும்.

கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், சம்ஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவை மிக முன்னதாகவே உணர்ந்தவர், 1742ஆம் ஆண்டில் இந்த முறை முழுவதையும் படிப்படியாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அத்தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். நம் கரைத் துணிகளின் மோகம் தாங்காமல் 1686இல் பிரான்சும் 1701இல் இங்கிலாந்தும் அவற்றின் இறக்குமதிக்குத் தடை விதித்திருந்த காலம் அது. எழுதியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. சொல்லிக்கொடுத்தவர் ஒருவருடைய பெயரும் தெரியவில்லை. இந்தக் குறை என் மனத்தை விட்டு அகலுவதேயில்லை.

பின்னர் நடந்தது விரைவாகச் சொல்லத்தக்கது. ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் நம் சாயவேரிலும் உள்ள அலிசரின் என்னும் வர்ணப் பொருளை 1868இல் கிரேபே, லீபெர்மான் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள் செயற்கையாகத் தயாரித்தனர். நிலக்கரித் தாரிலிருந்து அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1897இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. வேர் தோண்டும் தொழில் தன் பொருளை இழந்தது.

நீலத்தின் கதை தனிக்கதை. அவுரிக்குப் படிகாரமும் வேண்டா, கடுக்காயும் வேண்டா. ஆனால் நீலம் நீரில் கரையாது. அதைக் கரையச் செய்வதற்குத் தொட்டியைப் புளிக்கவைக்க வேண்டும். சுண்ணாம்புத் தெளிவில் நீலக்கட்டியைக் கரைத்து, அவித்த தகரை விதையை அதிற் சேர்த்து மூடிவைத்தால், சில நாளில் அதில் தோன்றும் நுண்ணுயிர்கள் நீலத்தின் இயல்பை மாற்றி அதைக் கரைத்துவிடும். தொட்டி பக்குவம் அடைந்ததா என்று மூக்காலும் நாக்காலும் அறியும் முதியவர் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது நின்றிருக்கிறேன். மேலே செம்புநிற ஆடை கட்டி நின்ற தொட்டிக்குள் நூற்கழியை மெல்ல அமிழ்த்தி எடுத்தார். வெளிவந்த நூல் இளம் வாழைக்குருத்தின் பச்சை. அவர் அதை உதறிப் பிடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே காற்றுப் பட்ட நுனியிலிருந்து பச்சை மங்கி, நீலம் ஏறி, ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் கழி முழுவதும் நீலமாயிற்று. “காத்துதான் சாயம் போடுது தம்பி, நான் முக்கி மட்டும் எடுக்கிறேன்” என்றார் அவர்.

அண்மைக் காலத்தில் இளைஞர் பலர், பெண்கள் சிறப்பாக, இலைகளைத் துணியில் பரப்பிச் சுருட்டி, கழியில் இறுகக் கட்டி, ஆவியில் அவித்து இலையின் உருவத்தையே அச்சாகப் பதிக்கும் கலையில் ஈடுபட்டிருப்பதைக் காண்கிறேன். நீலகிரியின் தைல மரத்திலை பட்டுத் துணியில் ஆரஞ்சுச் சிவப்பாகப் பதிவதையும், உள்ளங்கையில் தேய்த்தாலே சிவக்கும் தேக்கின் இளங்கொழுந்தையும், துருநீர் தடவிய துணியில் துவர்ப்புள்ள இலைகளின் நரம்பு நரம்பாகக் கரும்படம் விழுவதையும் கண்டவர்கள் அந்த உற்சாகத்தைக் குறைகூற மாட்டார்கள். நான் மனமார வரவேற்கிறேன். எனினும் இரண்டு வார்த்தை கூறவேண்டும். இலையிலிருந்து வந்தது என்ற ஒன்றினாலேயே ஒரு வர்ணம் தீங்கற்றதாகிவிடாது. நிறம் பளிச்சென்று ஏறவேண்டும் என்பதற்காக மயில்துத்தத்தையும் குரோமிய உப்பையும் கரைத்து, எஞ்சிய நீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவர், அத்துணிக்கு இயற்கைச் சாயம் என்று பெயரிடுவது நியாயமன்று. படிகாரம், இரும்பு, கடுக்காய் ஆகிய மூன்றைக் கொண்டு நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்காகக் காரியம் பார்த்தனர். நமக்கும் அவை போதும்.

நொய்யல் ஆற்றின் கதி எல்லோரும் அறிந்ததே. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாக மாறியதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும் நம் கண்முன் நடந்தவை. ஆயினும், திருப்பூர் முழுவதும் இலையும் வேரும் கொண்டு சாயமிடலாம் என்று நான் பேசினால் அது உங்களை ஏமாற்றுவதாகும். ஒரு பங்குத் துணிக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் தாவரப் பொருள் வேண்டியிருக்கும் இத்தொழிலை அந்த அளவுக்கு விரித்தால், நம் காடும் கரையும் ஓராண்டு தாங்கா. இது சிறிய கைகளுக்கும், நெடுநாள் உடுத்தும் ஆடைக்கும், தன் ஊர்ச் செடிகளைப் பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்தவருக்கும் உரிய தொழில். அந்த அளவில் நின்றால் இது சிறக்கும்; அதைக் கடந்தால் தன்னையே அழித்துக்கொள்ளும்.

குறிப்பாக வேரைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. இலையைக் கொய்தால் மீண்டும் துளிர்க்கும், உதிர்ந்த பூவைப் பொறுக்கினால் மரத்துக்கு நஷ்டமில்லை. வேரை எடுத்தாலோ செடியே போயிற்று. ஆதலால், இவ்வுரையைக் கேட்ட ஆர்வத்தில் நாளைக்கே கடற்கரைக்குப் புறப்பட நினைக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: இவ்வாண்டு இம்பூறலின் விதையை மட்டும் சேகரியுங்கள். உங்கள் கொல்லையில் மணல் கலந்த ஒரு பாத்தி கட்டி விதையுங்கள். கரையில் தானாக முளைத்ததைத் தொடாதீர்கள். உங்கள் பாத்தியில் வேர் முற்றும் வரை பொறுத்திருந்து, அதன்பின் அதைக் கொண்டு ஒரே ஒரு கைக்குட்டைக்குச் சாயமிட்டு எனக்குக் காட்டுங்கள்.