கல்லோடு போன பொன்

அரிசியில் கல் பொறுக்குகிறோம். ஒரு கல் பளபளவென்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வோமா? மாட்டோம். பளபளத்தாலும் கல் கல்தான். பல்லைத்தான் பதம் பார்க்கும்.

பொன்னையும் அப்படிக் கல்லாகவே பார்த்த ஒருவர் உண்டு. திருப்புகலூர்க் கோயிலில் சிவனடியார் அப்பர் உழவாரத்தால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். வயதான காலம். செதுக்கிய இடத்தில், கற்களுக்கு நடுவே பொன்னும் மணியும் மின்னின. பெரியபுராணம் சொல்வது இது. அவர் என்ன செய்தார்? கல்லையும் பொன்னையும் சேர்த்தே வாரினார். குளத்தில் எறிந்தார்.

கவனியுங்கள். கல் வேறு, பொன் வேறு என்று அவர் பிரித்தே பார்க்கவில்லை. மனசு முழுக்க ஈசன். வேறெதற்கும் அங்கே இடமில்லை. நாமாக இருந்தால் ஒரு மணியையாவது மடியில் முடிந்திருப்போம். நான் முடிந்திருப்பேன். அப்பருக்கோ, செதுக்க வேண்டிய புல் இன்னும் பாக்கி இருந்தது.