பிள்ளை மடுவத்துக்கு யார் மார்க் போடுவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரதிநிதிகள், கொழும்பில் வேலை செய்யும் மலையக உறவுகள் ஆகியோர் கலந்துகொண்ட கொள்ளுப்பிட்டி ஞாயிறு கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான நம் தோழி ஆற்றிய உரை.)



இன்று காலை காலி வீதியில் நடந்து வரும்போது இலங்கைத் தேயிலைச் சபையின் கட்டடத்தைப் பார்த்தேன். தேயிலைப் பெட்டியில் வாளேந்திய சிங்க முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரையை வழங்குவது இந்தச் சபைதான். நினைத்தவர்கள் எல்லாம் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இங்கேயே பொதி செய்யப்பட வேண்டும், சபை வைத்திருக்கும் தரத்துக்கு வர வேண்டும்.

முத்திரைக்கு முன்பே எத்தனை சோதனை! மலையில் கொழுந்து நிறுக்கும்போதே முத்தல் இலை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெக்டரியில் சலித்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று பிரிக்கிறார்கள். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்று வரை ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். நாங்கள் பறிக்கும் இலைக்கு இத்தனை பேர் மார்க் போடுகிறார்கள்.

அந்த இலையைப் பறிக்க மலைக்குப் போகிற தாய், தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு யார் மார்க் போடுகிறார்கள்? போட்ட மார்க்கை அந்தத் தாய்க்கு யார் சொல்கிறார்கள்? இன்று இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பிள்ளை மடுவத்தை நம் எல்லோருக்கும் தெரியும். சில தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்பார்கள். நம் பாட்டிமார் காலத்தில் அது சேலைத் தொட்டில்கள் தொங்கும் ஒரு கூடம். மலைக்குப் போக முடியாத வயதான ஒரு அம்மா காவல் இருப்பார். பிள்ளை அழாமல், விழாமல் இருந்தால் போதும் என்ற காலம் அது. 1972, 1975 காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அதையொட்டி உருவானதுதான் நாம் ட்ரஸ்ட் என்று சொல்லும் இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். இப்போது மடுவத்தின் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். ஆயம்மாவின் பெயர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கொடுத்துத் தொடங்கிய சிறுவர் அபிவிருத்தித் திட்டத்தில் தோட்ட நிலையங்களும் சேர்க்கப்பட்டன. நல்ல கட்டடம் வந்த தோட்டங்கள் இருக்கின்றன. பழைய கூடத்துக்குப் புதுப்பெயர் எழுதிய பலகை மட்டும் வந்த டிவிசன்களும் இருக்கின்றன.

பெயர் மாறியதற்கு ஏற்ப உள்ளே நடப்பது மாறியதா என்று பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். காரணம் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 100க்கு சுமார் 32 பேர். தாயின் உடல்நிலை, வருமானம், தண்ணீர் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை மடுவத்தில் கழிக்கும் பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறது, யார் அதனோடு பேசுகிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

முதலாம் ஆண்டு வகுப்பில் ஜனவரி மாதமே எனக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் முழு வசனத்தில் பதில் சொல்லும், கலர் பென்சிலைப் பிடிக்கும், கதை கேட்க முன்னால் வந்து உட்காரும். இன்னொரு பிள்ளை பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும். இரண்டுக்கும் மூளை ஒன்றுதான். ஒன்றோடு ஐந்து வருடம் யாரோ பேசியிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கு மார்க் போடும் முறை இருக்கிறது. "தரப்படுத்தல்" என்று சொன்னால் பல்கலைக்கழக அனுமதி ஞாபகம் வந்து சிலருக்குக் கோபம் வரும். அது வேறு. இங்கே மார்க் நிலையத்துக்கு, பிள்ளைக்கு இல்லை. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம் 1998இல் நட்சத்திரம் போடும் முறையைத் தொடங்கியது. பின்னர் பல மாநிலங்கள் தொடர்ந்தன. அவுஸ்திரேலியாவில் 2012 முதல் நாடு முழுவதற்கும் ஒரே முறை. அங்கே ஏழு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: என்ன கற்றுக்கொடுக்கிறார்கள், சுகாதாரமும் பாதுகாப்பும், கட்டடமும் வெளியிடமும், போதிய ஆட்கள் இருக்கிறார்களா, பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறார்கள், பெற்றோரோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், நிர்வாகம் எப்படி. கிடைத்த தரத்தை வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இதை அப்படியே தூக்கி வந்து நம் தோட்டத்தில் வைக்கலாமா? வைக்க முடியாது. இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான இடம்.

அங்கே நட்சத்திரம் போடுவதன் பெரிய நோக்கம், தாய் தகப்பன் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது. இந்த வெள்ளவத்தையிலும் அப்படித்தான். ஒரு முன்பள்ளி பிடிக்காவிட்டால், காசு இருப்பவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் முன்பள்ளிக்குப் போகலாம். நம் டிவிசனில் மடுவம் ஒன்றுதான். ஒரு நட்சத்திரம் கிடைத்தாலும் அதேதான், ஐந்து கிடைத்தாலும் அதேதான். பிடிக்காவிட்டால் தாய்க்கு இருக்கும் ஒரே வழி, வேலைக்குப் போகாமல் பேரை இழப்பது. இல்லையென்றால் மூத்த பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வைப்பது. என் வகுப்புகளில் அந்த வெற்றிடத்தைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் கூடுதல் நட்சத்திரம் பெற்ற நிலையத்துக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கின்றன. அந்தக் கணக்கு நம்மிடம் வந்தால், நல்ல கட்டடம் உள்ள தோட்டத்துக்கு மேலும் காசு வரும், ஒழுகும் கூரை உள்ள டிவிசன் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே நமக்கு வேண்டிய மார்க், நிர்வாகத்திடம் போய் "இது இல்லை, இந்தத் தேதிக்குள் செய்து கொடுங்கள்" என்று கேட்பதற்கு உதவும் மார்க்.

யார் வந்து, எப்படிப் பார்த்து மார்க் போடுவது என்பதும் முக்கியம். ஒரு மடுவத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்பே செய்தி வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். புதுப் பாய் விரித்தார்கள். பூட்டியிருந்த அலுமாரி திறந்தது. பொம்மை, கட்டை, படப் புத்தகம் எல்லாம் வெளியே வந்தன. வந்தவர்கள் பார்த்து, எழுதி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் நான் அந்தப் பக்கம் போனபோது அலுமாரி மறுபடியும் பூட்டியிருந்தது. ஆயம்மாவிடம் கேட்டேன். "டீச்சர், ஒண்ணு உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிலையத்துக்கு நல்ல மார்க் கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு நாள் விளையாட்டு.

கட்டடத்தையும் அலுமாரியையும் எண்ணி மார்க் போடுவது சுலபம். 2013இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படி எல்லாவற்றையும் கூட்டிப் போடும் நட்சத்திரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல முடியவில்லை என்று காட்டியது. கற்றலோடு அதிகம் சேர்ந்து வந்தது, ஆசிரியர் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார், பழகுகிறார் என்பதுதான். இதை ஒரு நாள் வந்து போகிறவரால் பார்க்க முடியாது. தினமும் விட்டு எடுக்கும் தாய்க்குத் தெரியும்.

அதனால் தாய்மாரிடம் கேட்க ஒன்பது கேள்விகள் எழுதியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாயால் பதில் சொல்லலாம்.

ஒன்று, பெரட்டுக்கு முன் மடுவம் திறக்கிறதா, அந்திக் கொழுந்து நிறுத்து முடியும் வரை திறந்திருக்கிறதா? இரண்டு, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள்? மூன்று, அந்த ஆள் லீவு போட்டால் யார் பார்க்கிறார்கள்? நான்கு, குடிக்கச் சுத்தமான தண்ணீரும் சின்னப் பிள்ளை உட்காரக்கூடிய கக்கூசும் இருக்கின்றனவா? ஐந்து, பகலில் என்ன சாப்பாடு? ஆறு, மாதம் மாதம் நிறை பார்த்து, கூடியதா குறைந்ததா என்று உங்களுக்குச் சொல்கிறார்களா? ஏழு, விளையாட்டுச் சாமான் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? எட்டு, வீட்டுக்கு வந்த பிள்ளை புதிதாக ஒரு பாட்டோ கதையோ சொல்கிறதா? ஒன்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மலையில் இருக்கும் உங்களுக்கு எவ்வளவு நேரத்தில் செய்தி வருகிறது?

பால் கொடுக்கும் தாய்மாருக்கு இன்னொரு கேள்வி. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுடன், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு தடவை பாலூட்ட நேரம் தருகிறது. பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணியாவது, இல்லாவிட்டால் ஒரு மணியாவது தர வேண்டும். உங்கள் மலையிலிருந்து மடுவத்துக்கு நடக்கவே அரை மணி ஆகிறதா? அதையும் எழுதுங்கள்.

ஆயம்மாமாரைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் நம் சங்க அங்கத்தவர்கள், நம் லயத்துப் பெண்கள். இந்த மார்க் அவர்களை அடிக்கும் தடியாகிவிடக் கூடாது. ஒரே ஆளிடம் கைக்குழந்தையிலிருந்து நான்கு வயது வரை உள்ள அத்தனை பிள்ளைகளையும் விட்டுவிட்டு, "ஏன் கதை சொல்லவில்லை?" என்று கேட்பது நியாயமில்லை. பயிற்சி, சம்பளம், கூட ஒரு ஆள், உடைந்த பொம்மைக்குக் காசு பிடிக்க மாட்டோம் என்ற உறுதி, இவை நிர்வாகத்தின் பொறுப்பு. குறைந்த மார்க் வந்தால் முதலில் துரையின் மேசைக்குத்தான் அது போக வேண்டும்.

ட்ரஸ்டில் அரசாங்கமும் கம்பனிகளும் மட்டும் இல்லை, தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. அது முத்தரப்பு அமைப்பு. ஆகவே இதைக் கேட்க நமக்குக் கதவு இருக்கிறது. நம் சங்கம் மூன்று விஷயங்களை அங்கே வைக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். முதலாவது, எந்த அதிகாரி வந்து பார்த்தாலும், என்ன தரம் கிடைத்தது, எந்தத் தேதியில் என்று பெரிய தமிழ் எழுத்தில் மடுவத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, பார்க்க வரும் குழுவில் அந்த டிவிசன் தாய்மார் இருவர் இருக்க வேண்டும், ஒரு தடவையாவது சொல்லாமல் வர வேண்டும். மூன்றாவது, குறையாக எழுதப்படும் ஒவ்வொன்றுக்கும் திருத்தும் தேதியும் யார் காசு என்பதும் எழுதப்பட வேண்டும்.

மேலிடம் சம்மதிக்கும் வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. கேள்வித் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கமிட்டித் தலைவர்மார் டிவிசனுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். மாதர் தலைவிமார் கையில் கொடுங்கள். தாய்மாரிடம் அவர்கள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கொழும்பில் இருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களில் சிலர் பிள்ளையை அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இந்த ஊரில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்தப் பிள்ளையோடு எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது, எத்தனை தடவை சாப்பாடு ஊட்ட வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்று இரவு வீட்டுக்குப் போன் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளை இன்று மடுவத்தில் என்ன சாப்பிட்டது? போன மாதம் நிறை எவ்வளவு? புதிதாக என்ன பாட்டு படித்தது? பதில் தெரியவில்லை என்று அம்மா சொன்னால், அதுவும் பதில்தான். அதையும் தாளில் எழுதி சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம்.