சிறு பாதையும் சிக்கன வண்டியும்



வரவுக்கேற்ற செலவு என்பது நம் சங்கங்களுக்கு முதற்பாடம். அதனை அயர்லாந்து தேசத்து ரயில் பாதையொன்றின் சரித்திரத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அத்தேசத்தின் வடமேற்கிலுள்ள டானிகால் ஜில்லாவில், மூன்றடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதை ஏறக்குறைய 125 மைல் பரவியிருந்தது. மோட்டார் பஸ்கள் தோன்றியதும் பிரயாணிகள் குறைந்தனர். ஆயினும், பத்துப் பேரை ஏற்றிச் செல்லவும் நீராவி யந்திரத்தில் நிலக்கரி எரித்தாக வேண்டும். புறப்படுமுன் வெகுநேரம் கொதிகலனைக் காய்ச்ச வேண்டும். டிரைவருடன் பயர்மேனும் வேண்டும்.

நிர்வாகியாயிருந்த ஹென்றி ஃபோர்ப்ஸ் பாதையை மூடவில்லை, வண்டியைச் சிறிதாக்கினார். 1931-ல், பஸ்ஸையொத்த டீஸல் வண்டி அப்பாதையில் ஓடலாயிற்று. அதற்குப் பயர்மேன் வேண்டியதில்லை. காய்ச்சும் நேரமும் வேண்டியதில்லை. ஸ்டேஷன் இல்லாத ரயில்வே கேட்டுகளிலும் நின்று கிராமவாசிகளை ஏற்றிக்கொண்டது. இச்சிக்கனத்தின் துணையால் பிரயாணிகள் போக்குவரவு 1959 டிசம்பர் 31 வரை நடைபெற்றது.

அதே தேசத்தில் கிளாகர் பள்ளத்தாக்குப் பாதையும் 1932-ல் இத்தகைய வண்டியை ஏற்றது. எனினும் 1941-ன் முடிவில் மூடப்பட்டது. ஆகவே ஒன்று தெளிவாகிறது: சிக்கனம் ஒரு ஸ்தாபனத்தின் ஆயுளை நீட்டும், ஆனால் அதனை இடைவிடாது பயன்படுத்தும் ஜனங்களே அதற்கு உயிராவர். நம் சங்கங்களுக்கும் இது பொருந்துமன்றோ?