வளையச் சூரியனும் ஒரு தெலுங்குத் தாயும்

கடவுளை விட்டவர்களுக்கு வாழ்க்கையில் என்ன பிடிப்பு, எதைப் பார்த்து வியப்பார்கள் என்று சிலர் மேடைக்கு மேடை கேட்டு வருகிறார்கள். அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம். பதில் 2019 டிசம்பர் 26 காலையில் வானத்திலேயே வந்தது.

அன்று கோவை, திருப்பூர், திண்டுக்கல் வானத்தில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. ஏறக்குறைய மூன்று நிமிடம்! நிலவைவிடச் சூரியன் 400 மடங்கு பெரியது, 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. நிலவு சற்றே எட்டிப் போயிருந்தால் வளையம், நெருங்கி வந்திருந்தால் முழு மறைப்பு. அந்த நிலவோ ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் பல கோடி ஆண்டு போனால் பூமியில் முழுக் கிரகணம் என்பதே இருக்காது. அது இருக்கிற காலத்தில் பிறந்திருக்கிறோம் தோழர்களே, மெய்சிலிர்க்க இது போதாதா?

ஆனால் அதே காலையில் எத்தனை வீட்டில் கதவைச் சாத்திக் கர்ப்பிணிகளை உள்ளே உட்காரவைத்தார்கள்! பார்க்க வேண்டியவர்கள் அவர்களும்தானே? கண்ணுக்குப் பாதுகாப்பாக ஒரு சூரியக் கண்ணாடி, அவ்வளவுதானே தேவை!

அங்கேதான் ஒரு தெலுங்குத் தாய் நினைவுக்கு வருகிறார். பத்து வயதில் கல்யாணம். ஆசாரமான குடும்பம். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு கிரகண நேரத்தில் துணிந்து வெளியே வந்தார். தீமிதிக்குத் தெய்வ அருள் வேண்டாம் என்று காட்ட, தாமே தணலில் நடந்தார்.

   

அவர் கணவர் கோரா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். இருவரும் 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரில் நாத்திக மையம் தொடங்கினார்கள். 1947இல் அது விஜயவாடாவுக்கு வந்தது. உப்புப் போராட்டம் நடந்த 1930இல் பிறந்த மகனுக்கு லவணம், அதாவது உப்பு என்றே பெயர்! வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறு குழந்தையோடு சிறைக்குப் போனவர் அந்தத் தாய். இவர்களுக்கா வாழ்க்கையில் பிடிப்பில்லை?

லவணமும் மனைவி ஹேமலதாவும் ஸ்டூவர்ட்புரத்துக்குப் போனார்கள். குற்றப்பரம்பரை என்று வெள்ளை அரசு முத்திரை குத்திய மக்களின் குடியிருப்பு அது. அவர்களோடு பழகி, மறுவாழ்வுக்கு உழைத்தார்கள். பெண்களைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் ஜோகினி வழக்கத்தை எதிர்த்தார்கள்.

கோரா தம்பதி தம் மூத்த மகள் மனோரமாவை, தீண்டாமைக்கு ஆளான சமூகத்து இளைஞருக்கு மணமுடிக்கத் தீர்மானித்தபோது, நடத்திவைக்க இசைந்தவர் காந்தி. கடவுள் பெயரால் என்பதை விட்டு, சத்தியத்தின் பெயரால் என்று சொல்லவும் அவர் சம்மதித்தார். அதற்குள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் 1948 மார்ச்சில், காந்தியின் சேவாகிராம ஆசிரமத்தில், அந்தக் கல்யாணம் நடந்தது. அந்தத் தாயின் பெயர் சரஸ்வதி கோரா. கேட்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்!