வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



இன்றைக்கு நெல் ரகம், உரம், பூச்சி மருந்து எதைப் பற்றியும் பேச வரவில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலே சின்னச் சின்ன விளக்கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறதே, அந்த பைபர் நெட் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "அக்ரி ஆபீசருக்கு இதிலே என்னய்யா வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. 1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஏ.டி.டி.27 நெல்லை ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். வானொலியில் கேட்டுப் பயிர் வைத்ததால் வந்த பெயர் அது. விதை மாதிரியே சேதியும் பருவம் தவறாமல் வந்து சேர வேண்டும். இன்றைக்கு மழை எச்சரிக்கை, மார்க்கெட் விலை, மானிய விவரம், பயிர் இன்ஷூரன்ஸ் பதிவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பல வீடுகளுக்கு இந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. அது இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் என்று பிறகு பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுபோவது என்று திட்டம் வகுத்தார்கள். தனியார் கம்பெனிகளும், உள்ளூர் கேபிள்காரர்களும் லைன் இழுத்திருக்கிறார்கள். யார் இழுத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி. அந்த இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. சேதி முழுவதும் அந்த ஒளியிலேதான் வருகிறது.

இதை நம்ம வாய்க்காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெயின் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், கிளையிலிருந்து வயல் மடை. அதே மாதிரி ஊருக்கு ஒரு இழை வரும். தெருவிலே ஒரு சின்னப் பெட்டியில் அது 32 வீடு, 64 வீடு என்று பிரியும். எந்த இடத்தில் கரை உடைந்ததோ, அதற்குக் கீழே உள்ளவன் எல்லாம் காய்வான். ஆகவே லைன் போனதும் முதல் காரியம் பக்கத்து வீட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் கோளாறு உங்கள் மடையில். தெரு முழுக்க இல்லையென்றால் கிளையில். ஊரே இல்லையென்றால் மெயின் லைனில். இந்த ஒரு விவரத்தைச் சேர்த்துச் சொன்னால், பழுது பார்க்க வருகிறவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

பெட்டியிலும் அடையாளம் இருக்கிறது. 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். பெட்டியைத் தட்டுவதாலோ, பத்துத் தடவை அணைத்துப் போடுவதாலோ சரியாகாது. விளக்கு எதுவுமே எரியாவிட்டால் கரண்டையும் அடாப்டரையும் பாருங்கள். கரண்ட் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். இதற்கென்று சின்ன பாட்டரிப் பெட்டி கடையில் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குத் தோதாக வாங்க வேண்டும். ஒயரை ஆணியில் சுற்றி மடக்காதீர்கள். கண்ணாடி ஆயிற்றே, அளவுக்கு மேல் வளைந்தால் ஒளி உள்ளே நிற்காமல் கசிந்துவிடும். நம்ம முஷ்டியை விடச் சின்ன வளைவு வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பது நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லைன் ஏன் அறுகிறது? எலி, அணில் கடிக்கும். புயலில் மரம் விழும். இதெல்லாம் நம்ம கையில் இல்லை. ஆனால் நம்ம கையாலேயே அறுவதும் உண்டு. வாய்க்கால் தூர் வார, வரப்பை அகலப்படுத்த, பைப் புதைக்க ஜேசிபி வருகிறது. சாலை ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் ஊர் லைன் போயிற்று. வைக்கோல் பாரமும் கரும்பு லோடும் தாழ்ந்து தொங்கும் ஒயரில் மாட்டும். அறுவடை மிஷின் திரும்பும்போது இழுத்துவிடும். கேபிளுக்கு அடியிலேயே கரும்புச் சருகைக் கொளுத்துகிறோம். மேலே உறை உருகி உள்ளே இழை போய்விடும்.

இவற்றில் பலதைத் தடுக்கலாம். மண் வெட்டுவதற்கு முன்னாலே கேபிள்காரரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள், "இந்தப் பக்கம் லைன் போகுதா?" என்று. சாலை ஓரத்தில் கேபிள் கல் நட்டிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். ஜேசிபி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தோண்டுவதற்கு முன் கேபிள், குழாய்க்கு உரியவர்களுக்குத் தகவல் கொடுக்க 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேலே தவறிப்போய் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாம் என்ன செய்கிறோம்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறோம். "காசு கேட்பானோ, சண்டை வருமோ" என்ற பயம். அங்கேதான் ஊர் கெடுகிறது. அறுந்த தூரத்தை அளந்து சொல்லக் கருவி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கருவியோடு ஆள் வந்து, அளந்து, மண்ணுக்குள்ளே இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு பொழுது போய்விடும். அறுத்தவர் உடனே சொன்னால் நேரே அந்த இடத்துக்கே வந்துவிடலாம். ஆகவே மூடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுத் துணி கட்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். செம்புக் கம்பி மாதிரி முறுக்கி டேப் சுற்றவும் கூடாது. கண்ணாடியை மிஷின் வைத்து உருக்கித்தான் ஒட்ட முடியும். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம், அந்த ஒளி தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்து சொன்னவரைப் பிடித்துக்கொண்டு ஏசாதீர்கள். இன்றைக்கு ஏசினால் நாளைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மடை உடைந்ததைப் பார்த்தவன் ஓடிவந்து சொன்னால் அவனையா அடிக்கிறோம்?

புயல் காலத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். பல ஊர்களில் பைபர் ஒயரும் கரண்ட் கம்பியும் ஒரே கம்பத்தில் போகிறது. கீழே விழுந்து கிடப்பது எதுவென்று தொட்டுப் பார்க்கவே கூடாது. பைபர் ஒயரிலும் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கிறது. அது கரண்ட் கம்பியோடு உரசிக் கிடந்தால் ஆளைக் கொல்லும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அதற்குச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள் கணக்காகக் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் பைபரும் இருக்காது, செல்போன் டவரும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே வீட்டில் பாட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருக்கட்டும். நான் வானொலியில் பேசுவதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பயிர் இன்ஷூரன்ஸ் பதிவைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்குப் பார்த்து லைன் அறுந்தால் இ-சேவை மையமும் அதே லைனில் கிடந்து படுத்திருக்கும். பிறகு மழை அடித்துப் பயிர் போனால் கையைப் பிசைந்து பயனில்லை. சிட்டா, அடங்கல், ஆதார், பாங்குப் புத்தகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, விதைத்த கையோடு பதிவு செய்யுங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் கூட்டுறவு சங்கத்திலோ, பாங்கிலோ, அடுத்த ஊரிலோ செய்யலாம். பயிர் சந்தேகத்துக்கு நெட்டே வேண்டாம். சாதாரணப் போனிலிருந்து 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் கூப்பிட்டால் போதும், காசு கிடையாது.

புகார் கொடுக்கும்போது புகார் எண்ணை வாங்கித் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். பழுது பல நாள் நீடித்தால் வாடகையில் கழிவு கேட்க அந்த எண்தான் ஆதாரம். தெருவுக்குப் படித்த ஒரு பிள்ளையைப் பொறுப்பாக வைத்து, லைன் எந்த வழியாகப் போகிறது என்று ஊர்ப் படம் ஒன்று வரையச் சொல்லுங்கள். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தால், வெட்டப் போகிறவர் யாரானாலும் பார்த்துவிட்டுப் போவார்.

வாய்க்காலை ஊர் கூடிக் காத்தவர்கள் நாம். இந்தக் கண்ணாடி வாய்க்காலும் ஊர்ப் பொதுதான். வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அறுந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.