பூச்சிட்ட தாளில் நிறம் மாறுவது ஏன்?

ஒரே மருந்து அடங்கிய இரு போத்தல்கள் கடைத் தட்டிலே அருகருகே நிற்கின்றன. ஒன்றின் லேபிள் நல்ல சிவப்பு. மற்றையதோ சற்றே மங்கிய செங்கல் நிறம். வாங்க வந்தவர் தயங்குகின்றார். போலியோ என்று ஐயுறுகின்றார். பழி அச்சகத்தின் மீதும், அங்கு மை கலந்த தொழிலாளியின் மீதும் விழுகின்றது. ஆனால், குற்றம் எப்போதும் மையினுடையதுதானா?

அச்சிட்ட நிறம் என்பது மை மட்டுமன்று. மையும் தாளும் ஒளியும் கூடிப் பிறப்பதே நிறம். பல வண்ண அச்சுக்குரிய மைகள் பெரும்பாலும் ஒளியை ஊடுபுகவிடும் தன்மையன. ஒளி மைப்படலத்தின் ஊடே சென்று, தாளில் பட்டுத் தெறித்து, மீண்டும் மையைக் கடந்தே நம் கண்ணை அடைகின்றது. ஆகவே தாளின் வெண்மை சிறிது மஞ்சளித்தாலும் அதன்மேல் உள்ள நிறங்கள் யாவும் மாறித் தோன்றும்.

லேபிள் தாளின் ஒரு பக்கத்தில் வெண்களிமண்ணையோ கல்சியங் காபனேற்றையோ பசையுடன் கலந்து பூசுவர். இப்பூச்சினால் மை உள்ளே ஆழ்ந்துவிடாது மேலே தங்கிப் பொலிவு தருகின்றது. பூச்சு எங்கும் ஒரு சீராக இல்லையெனின், மை ஓரிடத்தில் மிகுதியாகவும் வேறிடத்தில் குறைவாகவும் உறிஞ்சப்படும். அப்பொழுது நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஓவ்செற் அச்சில் மைப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே. மையும் நீரும் தம்முள் கொண்ட சமநிலை சற்றுப் பிறழ்ந்தாலும் அத்தடிப்பு மாறும், நிறமும் மாறும். ஈரமாக இருக்கையில் செறிவாகத் தோன்றிய மை, உலர்ந்தபின் மங்குவதும் உண்டு. மேலே வார்னிஷ் பூசினாலோ நிறம் மேலும் ஆழ்ந்து காணப்படும்.

ஒளியின் பங்கும் சிறிதன்று. தாளை வெண்மையாகக் காட்டுதற்குச் சேர்க்கும் சில பொருள்கள் கழியூதாக் கதிரை ஏற்று நீலவொளியாக வெளிவிடுகின்றன. அத்தகைய தாள் பகலொளியில் பளிச்சிடும். பழைய இழை மின்குமிழின் கீழ் அவ்வாறு தோன்றாது. இதனாலேயே அச்சுத்துறையில் 5000 கெல்வின் அளவான நியம ஒளியிற் பார்த்து ஒப்பிடுகின்றனர். நிற வேறுபாட்டை எண்ணாற் கூறும் முறையொன்றையும் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1976 ஆம் ஆண்டில் வகுத்தது.

லேபிளை ஒட்டிய பின்னும் மாற்றம் நேரலாம். மெல்லிய தாள் ஈரப்பசையில் நனைந்தால், பழுப்புப் போத்தலின் கருமை அதனூடே தெரிந்து நிறத்தை மங்கச் செய்யும்.

எனவே, நிறம் பிசகியவுடன் மையை மாற்ற முனைவது அறிவுடைமையாகாது. ஒரே வேலைக்கு ஒரே தொகுதித் தாளைப் பயன்படுத்துதல், ஒப்புதல் பெற்ற மாதிரியை வெளிச்சம் படாது காத்தல், மை உலர்ந்தபின் நியம ஒளியில் ஒப்பிடுதல், மையின் செறிவைக் கருவியால் அளத்தல் ஆகியவற்றைக் கைக்கொண்டால் காரணம் தானே புலப்படும். வீண் செலவும் குறையும். தொழிலாளி மீது வீண்பழியும் விழாது.